கடலோர ஊராட்சிக்கு ஒரு கல்வெட்டு

யாழ்ப்பாணத்துச் சைவர் வழக்கில் கல்வெட்டு என்பது தாளில் அச்சிடப்படுவது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டில் நடைபெறும் சடங்கில், உண்டு முடித்து எழுவோர் கையில் ஒரு சிறுநூல் கொடுக்கப்படும். முகப்பில் இறந்தவரின் ஒளிப்படம் இருக்கும். உள்ளே, அவர் மறைந்த ஆண்டையும் திங்களையும் பிறைநாளையும் அடக்கிய திதி வெண்பா. அதன்பின் குடிவழி, வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சுற்றத்தார் புலம்பல். இலண்டனுக்கு வந்த பின்னும் எம்மவர் இவ்வழக்கைக் கைவிடவில்லை. நூல் அச்சாவது ஈஸ்ட் ஹாமில். பாடல்களுட் பல எழுதப்படுவது கிங்ஸ்பரியில், எங்கள் வீட்டு முன்னறையில்.

எழுதுபவன் நான். தாயை இழந்தோரும் தந்தையை இழந்தோரும் நகரின் தென்கோடியில் மிச்சம் என்னும் பகுதியிலிருந்துகூட ட்ராமும் தொடர்வண்டியும் மாறி வந்து, என் முன் அமர்ந்து, இறந்தவரைப் பற்றிச் சொல்வார்கள். வாழ்நாள் முழுவதும் அயலவரோடு வழக்காடியவரும் என் பாட்டில் அன்பின் வடிவாகிவிடுவார். அதில் எனக்குக் கூச்சமில்லை. இறந்தவர் வந்து திருத்தம் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு ஒருவர், மனிதரல்லாத ஒன்றுக்குக் கல்வெட்டு எழுதித் தருமாறு கேட்டார். நோர்வே நாட்டின் வடகோடியில், கடலோரத்தில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருந்துவிட்டு, அயலில் உள்ள பெரிய ஊராட்சியோடு இணைக்கப்பட்டு இல்லாமற்போன ஒரு சின்னஞ்சிறு ஊராட்சிக்கு. அதன் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அது வேண்டிய அளவுக்கு மேலாகவே உச்சரிக்கப்பட்டாயிற்று.

கேட்டவர் என் மனைவியின் தாய்மாமன் மகன். முறைப்படி அவளுக்கு மச்சான். எனக்குத் தம்பி முறை ஆக வேண்டும். ஆயினும் அவரை அவ்வாறு எண்ண என் நெஞ்சம் ஒருநாளும் இசையவில்லை. ஆதலால் எங்கள் வீட்டில் ஒலிக்கும் சொல்லாலேயே அவரை இங்கும் மச்சான் என்று குறிக்கிறேன்.

எங்கள் திருமணத்துக்கு முன் அவருக்கும் என் மனைவிக்கும் பேச்சு நடந்தது. உரிமையான முறை, காணிகளும் ஒன்றையொன்று ஒட்டியவை. பேச்சு முற்றுவதற்குள் நோர்வேயில் ஓர் உயர்பள்ளியில் படிக்க அவருக்கு இடம் கிடைத்தது. அவர் புறப்பட்டுப் போனார். பெரியோர்கள் காத்திருக்க விரும்பவில்லை. அப்பொழுது தமிழாசிரியனாக இருந்த என்னுடைய சாதகத்தைக் கேட்டு ஆள் வந்தது. இதை எவரும் எனக்கு மறைத்ததில்லை. அவர் தொலைவில் வாழ்ந்த வரையில் அது எனக்கு ஒரு பழைய செய்தி, அவ்வளவே. பின்னர் அவர் தம் மனைவியை இழந்தார். கிங்ஸ்பரியில் வாழும் மகன், தந்தையைத் தனியே விட விரும்பாது, தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டான். அவ்வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியது. செய்தி அன்று தொட்டுப் பழையதாக இருக்கவில்லை.

பகலுணவு முடிந்து சற்றுநேரத்தில் அழைப்புமணி ஒலிக்கும். நெடிய உருவம், இந்த அகவையிலும் அடர்ந்த முடி, மார்பில் வெண்ணிறப் பனிப்பூக்கள் பின்னிய கம்பளிச் சட்டை. மனைவி கதவைத் திறந்து, "வாங்கோ மச்சான்" என்பாள். என்னை அவள் அழைப்பது "இஞ்சருங்கோ" என்று. அது பெயருமன்று, முறையுமன்று, ஒரு திசை. அந்த ஒற்றைச் சொல்லில் அவருக்குக் கிடைத்த உறவு, இத்தனை ஆண்டு வாழ்ந்தும் எனக்குக் கிடைக்கவில்லையே என்று நான் அழுக்காறு கொண்டேன். இதை எழுதுவதில் பெருமை இல்லை. ஆனால் உண்மை அதுதான்.

அவர் பேசுவது எப்பொழுதும் அந்த ஊராட்சியைப் பற்றியே. 'கொம்யூன்' என்பார். "எங்கடை கொம்யூனிலை" என்று அவர் தொடங்கும்போது, மனைவி கையிலிருக்கும் வேலையைக் கீழே வைப்பாள். நான் மண்டபங்களில் ஆற்றிய விரிவுரைகளின்போது முதல் வரிசையில் அமர்ந்து, மூன்றாவது மேற்கோளுக்குள் உறங்கிவிடுபவள் அவள். நான் அடுத்த அறையில், அச்சுப்படி திருத்துவதாகப் பெயர்பண்ணிக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமற் கேட்டிருப்பேன்.

அவ்வாறு ஒட்டுக்கேட்டே அவ்வூராட்சியின் வரலாறு முழுவதையும் நான் கற்றேன். முதலில் அது ஒரு பெரிய தேவாலயப் பங்கின் ஓரத்தில் கிடந்த கரையும் சில தீவுகளும் மாத்திரமே. கோயிலுக்குப் போகவும் வழக்குப் பேசவும் மக்கள் படகேறி நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்தது. எங்கள் கரைக்கு எங்களுக்கென்று ஓர் அவை வேண்டும் என்று கேட்டு, பல ஆண்டுகள் விண்ணப்பம் எழுதி, இறுதியிற் பிரிந்து தனி ஊராட்சி ஆயினர். இளவேனிலில் சிறுமீன்கள் முட்டையிடக் கரையை நாடி வரும். அவற்றைத் துரத்திக்கொண்டு கொட் மீன் பெருந்திரளாக வரும். அதைத் துரத்திக்கொண்டு தெற்கிலிருந்து படகுகள் வரும். அந்தச் சில கிழமைகளில் ஊர் பன்மடங்காகப் பெருகும். மீன்களை வாலோடு வாலாகக் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் காற்றில் உலர்த்துவார்கள். கரை முழுவதும் அந்தச் சட்டங்கள்தாம். மீனின் நாக்கை வெட்டி எடுக்கும் உரிமை மட்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது. வளர்ந்தவர் எவரும் அதில் கைவைக்கமாட்டார்.

இரண்டாம் உலகப் பெரும்போரின் இறுதியில், பின்வாங்கிய செருமானியப் படை அக்கரையில் இருந்த வீடுகள் அனைத்தையும் கொளுத்திற்று. மக்களைக் கப்பலேற்றித் தெற்கே அனுப்ப முனைந்தபோது, பலர் மலைக்குகைகளிலும் கவிழ்த்த படகுகளின் அடியிலும் ஒளிந்து ஒரு குளிர்காலத்தைக் கழித்தனர். போர் முடிந்ததும், இப்போது திரும்பாதீர்கள் என்று அரசு கூறியும் கேளாமல் திரும்பி, சாம்பல் மேல் பலகை வீடுகளைக் கட்டினர். அதன்பின் மீன் பதனிடும் ஆலை வந்தது. அவ்வூர் இளையோர் நகரங்களுக்குப் போக, ஆலைக்கு ஆள் இல்லாமற் போயிற்று. அந்த வேளையிற்றான் எம்மவர் போய்ச் சேர்ந்தனர். முதலில் சில ஆண்கள். பிறகு அவர்களுடைய மனைவியர். பிறகு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகள். மச்சான் ஆலையின் கணக்குப் பிரிவில் இருந்தார். பின்னர் ஊராட்சி அவைக்குத் தெரிவு செய்யப்பட்டார். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். தாழ்த்திய குரல் அடுத்த அறைக்கு நன்றாகக் கேட்கும்.

ஒருநாள் மனைவி அவரிடம் அந்த மீனின் சுவை எப்படி இருக்கும் என்று கேட்டாள். நான் புலால் உண்ணாதவன். திருமணமான நாள் முதல் அவளும் உண்பதில்லை. நான் வேண்டாமென்று சொன்னதில்லை. அவள் உண்பேன் என்று சொன்னதுமில்லை. மச்சான் விரிவாக விடை கூறினார். வெண்ணெய், அவித்த உருளைக்கிழங்கு, இதழ் இதழாகப் பிரியும் வெண்மை. மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த அச்சுப்படியில், பிழையில்லாத ஒரு சொல்லை நான் வெட்டிவிட்டதைப் பின்னரே கண்டேன்.

அவள் கேட்டது மீனைப் பற்றியன்று என்று எனக்குப் பட்டது. அவள் வாழாதுபோன ஒரு வாழ்வைப் பற்றி, நாள்தோறும் தேநீர் வேளையில், துண்டு துண்டாகக் கேட்டறிகிறாள். அந்தப் பலகை வீடுகளுள் ஒன்றில் அவள் இருந்திருக்கக்கூடும். அங்குப் போயிருக்கலாமே என்று எண்ணுகிறாளோ? இதை அறியாமல் என்னால் நிம்மதியாக ஒரு வெண்பாவுக்குச் சீர் பிரிக்கவும் முடியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

இந்நிலையிற்றான் மச்சான் ஒருநாள் நேரே என் அறைக்குள் வந்து, எதிரே அமர்ந்து, தம் ஊராட்சிக்குக் கல்வெட்டு வேண்டுமென்றார். மறுப்பதற்குத் தக்க காரணம் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. ஆதலால் இலக்கணத்தைத் துணைக்கு அழைத்தேன். கல்வெட்டுக்கு முறை உண்டு; முதலில் திதி வேண்டும் என்றேன். எப்பொழுது இறந்தது?

"இங்கிலிசு வருசம் பிறக்கிற நடுச்சாமம், அண்ணை. பன்னிரண்டு அடிக்க முதல் இருந்தது. அடிச்சு முடிய இல்லை."

நாள் என்பது ஞாயிறு எழுவதிலிருந்து எண்ணப்படுவது. அவ்வூரில் அன்று ஞாயிறு எழுந்த நேரம் தெரிந்தால் ஐந்திறத்தைப் பார்த்துக் கணிக்கிறேன் என்றேன்.

"அண்டைக்கு அங்கை சூரியன் எழும்பேல்லை."

"மப்போ?"

"மப்பில்லை அண்ணை. எழும்பவே எழும்பாது. கார்த்திகையிலை போனால் தையிலைதான் வரும். வாற அண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்கு இனிப்புப் பணிஸ் சுட்டுக் குடுத்துக் கொண்டாடுவினம்."

வாயிலில் நின்ற மனைவி சிரித்தாள். "இஞ்சருங்கோ, சூரியன் இல்லாட்டி உங்கடை பஞ்சாங்கம் என்ன சொல்லுது?"

ஐந்திறம் ஒன்றும் சொல்லவில்லை. திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் அதைக் கணித்தவர்கள், ஞாயிறு வராமலே இருக்கக்கூடிய ஓர் ஊரில் எவரும் இறப்பர் என்று எதிர்பார்க்கவில்லை. கார்த்திகையில் இறுதியாக மறைந்த ஞாயிற்றைக் கொண்டு கணிப்பதா, தையில் மீண்டு எழும் ஞாயிற்றைக் கொண்டு கணிப்பதா? முன்னையதைக் கொண்டால் அவ்வூராட்சி உயிரோடிருக்கும்போதே இறந்ததாகும். பின்னையதைக் கொண்டால் இறந்தபின்னும் சில கிழமை உயிரோடிருந்ததாகும். பல நாள் இதில் முனைந்தேன். மச்சானை இதைக் கொண்டே காலந்தாழ்த்தலாம் என்ற மகிழ்ச்சியும் உள்ளே இருந்தது.

அவர் சலிக்கவில்லை. நாள்தோறும் வந்து, திதி கிடைக்கும்வரை வரலாற்றையாவது எழுதுங்கள் என்று இறுதிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர் அவை உறுப்பினராக அமர்ந்த கடைசி மாலை அது. அன்று ஊர்மக்கள் யாவரும் வந்திருந்தனர். உட்கார இடமின்றிச் சுவரோரம் நின்றனர். தலைவி ஒரு பெண்மணி. முன்பு ஆலையில் மீன் வெட்டியவர். பழைய குறிப்புகளிலிருந்து முதற்கூட்டத்தின் நடவடிக்கையை அவர் படித்தார். அது ஒரு படகுத்துறையின் பழுதுபார்ப்பைப் பற்றியது. பிறகு இறுதித் தீர்மானம். அதுவும் ஒரு படகுத்துறையின் பழுதுபார்ப்பே. எல்லாரும் சிரித்தார்கள். தலைவி தம் கழுத்திலிருந்த பதவிச் சங்கிலியைக் கழற்றிக் கண்ணாடிப் பேழையில் வைத்தார். சுவரிலிருந்த ஊராட்சிச் சின்னத்தைத் திருகாணி கழற்றி இறக்கினர். ஒரு பாட்டுப் பாடினர். பின்னர் காப்பியும் கேக்கும் கொடுத்தனர். கேக்கின் மேலும் அந்தச் சின்னமே. எந்தப் பக்கத்தை முதலில் வெட்டுவது என்று தயங்கி, கடைசியில் ஒரு கிழவர் நடுவில் கத்தியை இறக்கினாராம்.

நான் எழுதுகோலைக் கீழே வைத்தேன். அதுவரை நான் அந்த மனிதர்மேல் பொறாமை கொண்டிருந்தேன். அன்று அந்த ஊராட்சி மேலேயே பொறாமை கொண்டேன்.

எங்கள் ஊரிலும் ஒரு கிராமசபை இருந்தது. அது கடைசியாக எந்நாள் கூடியது, எதைத் தீர்மானித்தது என்பதைச் சொல்ல இன்று எவருமில்லை. அதை எவரும் கலைக்கவில்லை. ஒருநாள் கதவைத் திறக்க ஆள் வரவில்லை. பிறகு படையினரின் முள்வேலி வந்தது. அதற்கு ஒரு கல்வெட்டு எழுதலாமென்று நான் அமர்ந்ததுண்டு. இறந்த நாள் தெரியாமல் எழுந்துவிட்டேன். இங்கோ, தன் சாவை முன்கூட்டி அறிந்து, நாள் குறித்து, உற்றார் சூழ, கேக் வெட்டி இறந்த ஓர் ஊர். அதற்குத் திதி இல்லை என்று நான் வழக்காடுகிறேன்.

அன்று மனைவி அதே அறையில், கிழமையிறுதிச் செத்தவீட்டுக்கு நான் உடுத்த வேண்டிய வெள்ளைச் சட்டையை மின்னழுத்தியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மச்சானிடம், வரலாறு போகட்டும், புலம்பல் யார் வாயில் வருவது என்று கேட்டேன். ஊராட்சிக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. கடல் புலம்பலாம் என்றார் அவர். கடல் மலையாளக் கரையிலும் புலம்பும், அதற்கென்று ஓர் உறவு வேண்டும் என்றேன் நான். அப்போது மனைவி அழுத்தியை நிமிர்த்தி வைத்தாள்.

"இதிலை செத்தது ஆர்?" என்றாள்.

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"கடல் இருக்கு. கோயில் இருக்கு. சனம் இருக்கு. பேர்தானே போனது? கொண்டுபோய்ப் பெரிய இடத்திலை சேர்த்துவிட்டிருக்கினம். இது சாவில்லை. கலியாணம்."

மச்சான் சிரித்தார். "அப்பிடிச் சொல்லாதை மச்சாள். அதுக்கு விருப்பமில்லை. சனத்திட்டை வோட் எடுத்தவை. வேண்டாம் எண்டுதான் கனபேர் போட்டவை. பேந்தும் பாராளுமன்றம் பிடிச்சுச் சேர்த்துப்போட்டுது."

"கேட்டவையெல்லோ?"

"கேட்டவை. கேட்டு என்ன பிரயோசனம்?"

"அது வேறை கதை. கேட்டவை." அவள் சட்டையின் கையைத் திருப்பிப் போட்டாள். "என்னை ஆர் கேட்டது?"

அதை எங்களில் எவரை நோக்கிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. குரலில் சினம் இல்லை. சட்டையின் கழுத்துப்பட்டியை மடித்து, அழுத்தியை அதன்மேல் மெல்ல ஓட்டினாள். மச்சான் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், அவரும் எவரையும் பாராமல், "என்னையும்தான் அண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்லை, மச்சாள்" என்றார்.

அந்த அறையில் என்னை மட்டும் கேட்டிருந்தார்கள். அதை நான் அந்தக் கணத்தில்தான் உணர்ந்தேன். சாதகம் கேட்டு வந்த பெரியவர், பெண் பிடித்திருக்கிறதா என்று என்னிடம் வினவினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஓம் என்றேன். அவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. அது எனக்கு இல்லை. முன்பு நான் கொண்டதெல்லாம் பொறாமை என்று எண்ணியிருந்தேன். அது வெறும் முகவுரை.

மச்சான் அன்று முன்னதாகவே எழுந்து போனார். மேலங்கியை மறந்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து எடுத்துக்கொண்டார். கதவு மூடியபின் நான் மனைவியிடம் கேட்டேன். அத்தனை கிழமை வாயில் வராத வினா எளிதாக வந்துவிட்டது. அன்று உம்மைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர் என்றேன்.

அவள் சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "கேட்டால்தானே தெரியும்," என்றாள். "கேக்காத கேள்விக்கு இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னெண்டு மறுமொழி சொல்லுறது? அதுக்கு அண்டைக்கு இருந்த பெட்டையைத்தான் கூட்டிக்கொண்டு வரவேணும்."

இதைவிட அவள், ஓம், அங்கேதான் போயிருப்பேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். மச்சானோடு போட்டியிடலாம். அந்தப் பெட்டையோடு எப்படிப் போட்டியிடுவது? அவளை நான் பார்த்ததே மணவறையில், தலைகுனிந்த கோலத்தில்.

பிறகு நான் கல்வெட்டை எழுதினேன். மறுப்பதற்கு ஒன்றுமில்லை என்பதோடு, அந்த ஊராட்சியை மச்சானிடமிருந்து எடுத்து என் சொற்களுக்குள் அடைத்துவிட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. திதி வெண்பாவை விட்டேன். ஞாயிறு எழாத நாளில் என்று மட்டும் எழுதினேன். குடிவழியும் வரலாறும் அகவலில் அமைந்தன. தாய்ப்பங்கிலிருந்து பிரிந்தது, மீன் வந்தது, தீ வந்தது, கவிழ்த்த படகின் அடியில் பிள்ளை பிறந்தது, ஆலை வந்தது, அடுக்களையில் கறிவேப்பிலை வந்தது எல்லாம் எழுதினேன். புலம்பல் எழுதவில்லை. வாழ்த்தும் எழுதவில்லை. இறப்பா மணமா என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை. அந்த இடத்தில், கேட்கப்பட்டு, வேண்டாமென்று சொல்லி, அதன்பின்னும் போக நேர்ந்த ஒருத்தி தன் வீட்டுப் படலையைத் தானே சாத்திவிட்டுப் போவதாகச் சில அடிகள் எழுதினேன். அவற்றை எழுதிய விரைவு எனக்கே வியப்பாக இருந்தது.

எங்கள் பகுதி முதியோர் கூடும் மண்டபத்தில் மச்சான் அதைப் படித்தார். நான் படிப்பதாக இருந்தது. தொண்டை கட்டியிருந்ததால் அவரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. சீர்களைத் தவறான இடங்களில் முறித்தார். ழகரத்தை விழுங்கினார். ஆயினும் கூட்டம் அசையாமற் கேட்டது. தீயைப் பற்றிய பகுதியில் பலர் கண்ணைத் துடைத்தனர். அவர்கள் நினைத்தது எந்தத் தீயை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முடிந்ததும் எல்லாரும் மச்சானைச் சூழ்ந்துகொண்டு, உங்கள் ஊர் எவ்வளவு அருமையான ஊர் என்று கைகுலுக்கினர். வெம்பிளியிலிருந்து வந்த ஒரு மருத்துவர், தமிழ்நாட்டுக்காரர், "சார், நீங்களே எழுதினதா?" என்று அவரிடம் கேட்டார். மச்சான் என்னைக் கைகாட்டினார் என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும். மருத்துவர் திரும்புவதற்குள் யாரோ சிற்றுண்டித் தட்டை நீட்டிவிட்டார்.

மனைவி முதல் வரிசையில் அமர்ந்திருந்தாள். உறங்கவில்லை. படலை சாத்தும் அடிகள் வந்தபோது அவள் மச்சானைப் பார்க்கவில்லை. திரும்பி, பின்வரிசையில் கம்பளித்துணி சுற்றிய கழுத்தோடு இருந்த என்னைத் தேடிப் பார்த்தாள். என்ன பொருளில் பார்த்தாள் என்று அன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், பேருந்தில், "நல்லாய் இருந்தது" என்றாள். பாட்டையா, படித்த விதத்தையா என்பது விளங்கவில்லை.

மச்சான் அதை நோர்வே மொழியில் பெயர்த்துப் பழைய தலைவிக்கு அனுப்பிவைத்தார். தலைவியிடமிருந்து விடை வந்தது. ஊராட்சி இல்லாவிட்டாலும் மக்கள் கோடையில் ஒருநாள் அந்தப் பழைய மண்டபத்தில் கூடுகிறார்களாம். அங்கே அதைத் தமிழிலேயே படிக்க வேண்டும், உறவினரோடு வாருங்கள் என்று அழைத்திருந்தார். மச்சான் அதை எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லி முடித்தபோது, மனைவி ஒரு கணமும் தயங்கவில்லை.

"நான் வாறன்," என்றாள்.

எங்கள் வாழ்வில் எனக்கு முன்பாக வாய்திறந்து, என்னைப் பாராமல் அவள் சொன்ன முதல் முடிவு அது. மச்சான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பாட்டை எழுதியவன் நான். என்னை யாரேனும் முறையாக அழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அது என் மனைவியின் பொறுப்பு என்று மச்சான் எண்ணியிருப்பார். மனைவி எவர் பொறுப்பென்று எண்ணினாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் ஹை ஸ்திரீட்டில் போய்ப் பயணப்பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். சிறியது.

நான் காத்திருந்தேன். கடவுச்சீட்டை மேசைமேல் எல்லாரும் பார்க்கும்படி வைத்தேன். தூசு தட்டுவதற்காக அதை எடுத்தவள், தட்டியபின் அதே இடத்தில் வைத்துவிட்டாள். நோர்வேயில் குளிர் எவ்வாறு என்று உரக்க வியந்தேன். கோடையில் அவ்வளவு இல்லை என்றாள். முன்பெல்லாம் எங்கே போவதென்றாலும் நான் மேலங்கியை மாட்டினால் அவளும் செருப்பைத் தேடுவாள். அதற்குப் பெயர் அழைப்பு என்று நான் கருதியிருந்தேன்.

இன்று காலை அடுக்களையில் அவள் தேநீர் வடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்றேன். தூயதமிழில் தொடங்கிய சொற்றொடர் ஒன்று பாதியிலே நின்றுபோயிற்று. பிறகு, எங்கள் ஊர்ப் பேச்சில், "நானும் உம்மோடை வரட்டே?" என்று கேட்டேன்.

அவள் வடியைக் கழுவினாள். தேநீரை இரண்டு கோப்பைகளில் ஊற்றினாள். ஒன்றை என்னிடம் நீட்டியபோதுதான் என் முகத்தைப் பார்த்தாள். அதில் கேலி இல்லை, இரக்கமும் இல்லை. ஒருவர் தம்மிடம் முதன்முறையாக வந்த ஒரு பொருளைக் கையில் வாங்கி, அதன் எடையைப் பார்ப்பது போன்ற ஒரு பார்வை.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள்.

நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்வது? இதை எழுதும் இவ்வேளையில் மச்சான் வந்திருக்கிறார். அடுத்த அறையில், அந்தக் கரையில் காற்று எப்படி அடிக்கும், எந்தச் சப்பாத்து நல்லது என்று மனைவி கேட்க, அவர் விளக்கிக்கொண்டிருக்கிறார். சிரிப்பொலி கேட்கிறது. என்முன் ஈஸ்ட் ஹாமிலிருந்து வந்த அச்சுப்படி ஒன்று திருத்தப்படாமற் கிடக்கிறது. அவள் கேட்பது ஒருவருக்கு வேண்டிய பொருள்களையா, இருவருக்கு வேண்டியவற்றையா என்று செவியைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன். இதுவரை தெளிவாகவில்லை.